இருபது வச்சா எட்டு

வேண்டாம் தம்பி, இது மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா இந்த பஸ் குலுங்குற குலுக்குக்கு உள்ள இருக்கறது என்ன ஆகும்னு சொல்ல முடியாது. ஐஸ் போட்ட பிளாஸ்க்கு. உள்ள மருந்து. சுகருக்குப் போடுற இன்சுலின். எனக்கில்ல, என் வீட்டுக்காரிக்கு. அவ சங்கரன்கோவில்ல மக வீட்டுல இருக்கா.

நீங்க மருந்துக் கம்பெனி ஆள் இல்லையே? பை அந்த மாதிரி இருக்கேன்னு கேட்டேன். கணக்கு வாத்தியாரா? அப்ப நல்லதாப் போச்சு. உங்களுக்கு இது விளங்கும். வேற யார்கிட்டச் சொன்னாலும் பாதியிலயே தலையை ஆட்டிட்டு எந்திரிச்சுப் போயிருறாக.

நான் எடையளவு ஆபீஸ்ல முத்திரை இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். தராசு, எடைக்கல்லு, லிட்டர் அளவு, பெட்ரோல் பங்க் பம்பு, எல்லாத்தையும் சோதிச்சு முத்திரை அடிக்கிறது வேலை. கடைக்காரன் தராசுத் தட்டுக்கு அடியில புளியை ஒட்டி வச்சிருப்பான். மண்ணெண்ணெய் அளக்குற டப்பாவை அடியில தட்டி உள்பக்கம் மேடாக்கி வச்சிருப்பான். கண்ணுக்குத் தெரியாது. நான் விரலை உள்ள விட்டுத் தடவிப் பாப்பேன். ஒருத்தனையும் நம்புறதில்ல. நம்பாததுனாலதான் ஒரு கெட்ட பேரு இல்லாம வெளிய வந்தேன்.

வீட்டுக்காரி பேரு பரிபூரணம். அவளுக்கு ஒன்பது வருஷமா இன்சுலின். ஒன்பது வருஷமும் போட்டது யாரு? நான்தான். காலையில ஏழு மணி, சாயங்காலம் ஏழு மணி. குப்பியில இருந்து ஊசியில இழுத்து, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, கோடு சரியா இருக்கான்னு பாத்து, தொப்புளுக்கு இடது பக்கம் நாலு விரல் தள்ளிப் போடுவேன். தினமும் அதே இடம். ஒரு நூல் அங்கிட்டு இங்கிட்டுப் போகாது. அவளும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஏழு மணி ஆச்சுன்னா சேலையை ஒதுக்கிட்டு வந்து நிப்பா. கல்யாணம், காதுகுத்துன்னு வெளியூர் போனாலும் சாயங்காலத்துக்குள்ள வீடு வந்துருவா. தங்க மாட்டா. எப்படித் தங்க முடியும்? மருந்து என் கையிலல்ல இருக்கு. அந்த அளவுக்கு நான் அவளைப் பாத்துக்கிட்டேன்.

இந்தத் தை மாசம் அவளுக்கு ஒரு மாதிரியா வந்துச்சு. சில நாள் பதினோரு மணி வாக்குல கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். சில நாள் சுகர் முந்நூறைத் தாண்டி நிக்கும். டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவக வயித்தைத் தொட்டுப் பாத்தாக. எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்துச்சு. ஒரே இடத்துல போட்டதுனால வந்த கட்டி, அதுக்குள்ள மருந்து போனா ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாதுன்னாக. யாரு போட்டதுன்னும் கேட்டாக. நான்தான்னேன். ஒரு மாதிரியாப் பாத்தாக. அப்புறம், இந்தப் பழைய மருந்தும் இவங்களுக்கு ஒத்துக்கிடலையோ என்னவோ, வேற வகைக்கு மாத்திப் பாப்போம்னு சொல்லி ஒரு பேனாவை எடுத்தாக.

பேனான்னா எழுதுற பேனா இல்ல தம்பி. இன்சுலின் பேனா. மருந்து உள்ளயே இருக்கும். பின்னால திருகினா எண்ணு வரும். இருபது வேணும்னா இருபதுல நிறுத்தி, குத்தி, அமுக்க வேண்டியதுதான். யாரு உதவியும் வேண்டாம், அம்மா நீங்களே போட்டுக்கிடலாம்னு பரிபூரணத்தைப் பாத்துச் சொன்னாக. சொல்லிக் குடுக்கும்போது என்னைக் கொஞ்சம் வெளிய உக்காரச் சொல்லிட்டாக. நான் வெளிய உக்காந்து யோசிச்சேன். ஒன்பது வருஷம் ஒத்துக்கிட்ட மருந்து திடீர்னு எப்படி ஒத்துக்கிடாமப் போகும்? அவக மேஜையில ஒரு காலண்டர் இருந்துச்சு. அதுல ஒரு மருந்துக் கம்பெனி பேரு. நான் பாத்துட்டுத்தான் வெளிய வந்தேன்.

அந்தப் பேனா வீட்டுக்குள்ள வந்ததுல இருந்து பரிபூரணம் ஆளே மாறிட்டா. நான் சும்மா சொல்லலை, தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். நாலாம் நாள், பக்கத்து வீட்டு மரியபுஷ்பத்தோட காலையில நடக்கப் போறேன்னா. மரியபுஷ்பம் தையல்காரி, வாய் கொஞ்சம் நீளம். ஏழாம் நாள், பாத்திரம் தேய்க்கும்போது என்னவோ முனங்குனா. கிட்டப் போய்க் கேட்டேன், பாட்டு. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல அவ பாடி நான் கேட்டதில்ல. பத்தாம் நாள் மககூடப் போன்ல பேசிச் சிரிக்கா, சிரிக்கா, அம்புட்டு நேரம் சிரிக்கா. சாயங்காலம் ஏழு மணிக்கு நான் பழக்கதோசத்துல பஞ்சை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அவ உள்ள இருந்து வந்து, "போட்டாச்சு"ன்னு சொல்லிட்டு அவ பாட்டுக்குப் போவா.

ஒரு நாள் அவளும் மரியபுஷ்பமும் சேந்து கழுகுமலைக்குப் போயிட்டு எட்டு மணிக்கு வந்தாக. ஏழு மணி ஊசி என்ன ஆச்சுன்னேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்து போட்டுக்கிட்டேன்னா. கூசாமச் சொல்லுதா. பஸ் ஸ்டாண்டுல.

மருந்து டப்பாவுக்குள்ள ஒரு தாள் மடிச்சு வச்சிருப்பான், பக்க விளைவெல்லாம் போட்டு. எறும்பு அளவு எழுத்து. பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சேன். சுகர் ரொம்ப இறங்கிப் போகும், அரிப்பு வரும், வீக்கம் வரும், எடை கூடும்னு இருந்துச்சு. பேச்சு கூடும், சிரிப்பு கூடும்னு போடலை. எல்லாத்தையுமா போடுவான்? எடை கூடுச்சு, அதை நானே பாத்தேன். ஒண்ணரைக் கிலோ.

சுகர் மட்டும் நல்லா இருந்துச்சு, அதையும் சொல்லிரணும். நூத்திமுப்பது, நூத்திநாப்பது. அதுதான் எனக்கு இன்னும் இடிச்சுது. இவ்வளவு சுத்தமா ஒரு அளவு வந்தா எங்கயோ தப்பு இருக்குன்னு அர்த்தம். சர்வீஸ்ல நான் படிச்சது அது.

குப்பின்னா மருந்து கண்ணுக்குத் தெரியும். இந்தப் பேனாவுல என்ன தெரியுது? எண்ணுதான் தெரியுது. எண்ணைக் காட்டிட்டு மருந்தைக் குறைச்சு விட்டா யாருக்குத் தெரியும்? பெட்ரோல் பம்பு மாதிரித்தானே இதுவும்? ஒரு நாள் அவ நடக்கப் போயிருந்த நேரம் பாத்து நான் சோதிச்சேன். பழைய ஊசி ஒண்ணை எடுத்தேன். பின்னால இருக்கற தண்டை உருவிட்டு, பேனாவுல இருபது வச்சு, அந்தக் குழாய்க்குள்ள அமுக்குனேன். தூக்கிப் பாத்தா மருந்து எத்தனாவது கோட்டுல நிக்குதுங்கிறீக? எட்டு. திரும்பவும் பண்ணுனேன். எட்டு. மூணாம் தடவையும் எட்டு. சோதனைன்னா மூணு தடவை பாக்கணும், அது எங்க முறை.

இருபது வச்சா எட்டு. நூத்துக்கு அறுபது பங்கு கொள்ளை. நான் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டேன். அப்ப அந்த நூத்திமுப்பது எப்படி வந்துச்சுன்னு கேப்பீக. சுகர் பாக்குற மிஷினும் கம்பெனிக்காரனுக்குக் கூட்டு. அதுக்குமேல சொல்ல என்ன இருக்கு.

பரிபூரணத்துக்கிட்டச் சொல்லலை. சொன்னா மரியபுஷ்பத்துக்குப் போகும், அங்க இருந்து ஊருக்கே போகும், கம்பெனிக்காரன் உசாராயிருவான். முதல்ல கையும் களவுமாப் பிடிக்கணும்.

அந்த வாரம் அவ மூக்குக்கண்ணாடி உடைஞ்சு கடையில குடுத்திருந்தா. ரெண்டு நாள் ஆகும்னுட்டான். காலையில ஏழு மணிக்குப் பேனாவை எடுத்துட்டு என்கிட்ட வந்தா. எண்ணு தெரிய மாட்டேங்குது, இருபது வச்சுக் குடுங்கன்னா. அவளா வந்தா தம்பி. அத்தனை நாளைக்கு அப்புறம் அவளா என்கிட்ட வந்து நின்னா. நான் கணக்குப் போட்டேன். இருபதுக்கு எட்டுன்னா, நெசமான இருபது உள்ள போக எத்தனை வைக்கணும்? நீங்க கணக்கு வாத்தியார், சொல்லுங்க. அம்பது. அம்பது வச்சுக் குடுத்தேன். இத்தனை நாள் அரைகுறை மருந்தோட ஓடுன உடம்பு, இன்னைக்காவது முழு மருந்து போகட்டும்னுதான் நினைச்சேன். அவளுக்கு நல்லது நினைச்சுத்தான். அவ வாங்கிக் குத்திக்கிட்டா.

பத்து மணி இருக்கும். அவரைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தவ கையில இருந்து கத்தி விழுந்துச்சு. நிமிந்து பாத்தேன். சேலையெல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. என்னைப் பாத்து அவ அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிடுதா. அவரு செத்து ஏழு வருஷம் ஆச்சு. அப்புறம் அப்படியே சரிஞ்சுட்டா. மரியபுஷ்பம் சத்தம் கேட்டு ஓடி வந்தா. சீனி டப்பா எங்கன்னு கூட என்கிட்டக் கேக்கலை, நேரா அடுப்படிக்குப் போய் எடுத்துட்டு வந்து கன்னத்துக்குள்ள சீனியை வச்சுத் தேய்ச்சா. ஆட்டோவும் அவதான் கூப்பிட்டா. "அண்ணாச்சி, அக்கா காலைப் பிடிங்க"ன்னு என்னை ஒரு அதட்டு அதட்டுனா. நானும் சும்மா நிக்கலை. மருந்து டப்பாவை எடுத்து பேட்ச் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் குறிச்சுக்கிட்டு இருந்தேன். நாளைக்குக் கேஸுன்னு வந்தா அதுதானே வேணும்?

ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏத்துனாக. கண்ணு முழிச்சதும் டாக்டரம்மா அவகிட்ட, எத்தனை யூனிட் போட்டீங்கன்னு கேட்டாக. இருபதுன்னா. சாப்பிட்டீங்களா? சாப்பிட்டேன்னா. வழக்கம்போலத்தானே? வழக்கம்போலத்தான்னா. நான் கால்மாட்டுல நின்னுக்கிட்டு இருந்தேன். என்னைக் கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். டாக்டரம்மா ரொம்ப நேரம் சீட்டையே பாத்துக்கிட்டு இருந்தாக. இருபதுக்கு இவ்வளவு இறங்கக் கூடாதே, இந்த மருந்து உங்க உடம்புக்கு வேற மாதிரி வேலை செய்யுது போல, வேண்டாம், பழையதுக்கே போயிருவோம், அளவைக் குறைச்சு, இடத்தை மாத்தி மாத்திப் போடுங்கன்னாக. நான் உடனே தலையாட்டிட்டேன். பரிபூரணம் முகத்தைச் சொவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா.

வீடு பழையபடி ஆச்சு. விழுந்துருவோமோன்னு பயந்து அவ நடக்கப் போறதை விட்டா. முனங்கல் இல்ல. மகளுக்குப் போன் போட்டாலும் ரெண்டே வார்த்தை. ஏழு மணிக்கு வந்து நிப்பா, நான் போடுவேன், போயிருவா. பாருங்க, மருந்தை மாத்துனதும் பக்க விளைவெல்லாம் எப்படி நின்னுச்சுன்னு. சுகர் மட்டும் இருநூத்தியெம்பதுல நின்னுச்சு. அது மெள்ள இறங்கும்னு சொன்னேன்.

மூணு வாரம் கழிச்சு டாக்டரம்மா வரச் சொன்ன நாள் வந்துச்சு. என்னால பொறுக்க முடியலை தம்பி. ஊருல எத்தனை பேரு இந்தப் பேனாவை வச்சு ஏமாறுறாகளோ. பழைய ஊசி, அந்தப் பேனா, ரெண்டையும் ஒரு டிபன் டப்பாவுல போட்டுக் கொண்டு போனேன். டாக்டரம்மா மேஜையில வச்சு, அவக கண்ணு முன்னாலயே சோதனை பண்ணிக் காட்டுனேன். இருபது வச்சேன். எட்டு. பாத்துக்கோங்க, நீங்களே கம்பெனி மேல எழுதிப் போடுங்கன்னேன். பரிபூரணம் பக்கத்துல உக்காந்து என் கையையே பாத்துக்கிட்டு இருந்தா.

டாக்டரம்மா என்னையும் அந்த ஊசியையும் மாத்தி மாத்திப் பாத்தாக. அப்புறம் ரொம்ப மெதுவாக் கேட்டாக.

"அன்னைக்கு நீங்க எத்தனை வச்சுக் குடுத்தீங்க?"

"அம்பது"ன்னேன். எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு நினைச்சுரக் கூடாதே. சத்தமாவே சொன்னேன்.

அப்புறம் டாக்டரம்மா விளக்குனாக. குப்பி மருந்து ஒரு மில்லியில நாப்பது யூனிட்டாம். பேனா மருந்து கெட்டி, ஒரு மில்லியில நூறு யூனிட்டாம். அந்த ஊசியில இருக்கற கோடு நாப்பது மருந்துக்குப் போட்ட கோடாம். அதுல நூறு மருந்தை ஊத்துனா இருபது யூனிட்டு எட்டாவது கோட்டுலதான் நிக்குமாம். அளவு குறையலையாம், மருந்து கெட்டியாம். அம்பதுன்னு நான் வச்சது அம்பதேதானாம். "உங்க மனைவி பிழைச்சது அந்தச் சீனியாலதான்"னாக.

என்ன தம்பி, விரலை மடக்கி நீங்களும் கணக்குப் போடுறீக? சரியா வருதா? வரும். வராம இருக்குமா. ஆனா ஒரே மருந்துக்கு ஊருக்குள்ள எதுக்கு ரெண்டு அளவு? அது கேக்க வேண்டிய கேள்வியா இல்லையா? ஊசியில நாப்பதுன்னு போட்டுத்தான் இருக்கு, மூடிகூடச் சிவப்பு. அதைக் கம்பெனி நம்பர்னு நினைச்சுட்டேன். முப்பத்தோரு வருஷத்துல எந்த அளவையிலயும் முத்திரையைப் பாக்காம நான் விட்டதில்ல. சரி, விடுங்க.

டாக்டரம்மா பழையபடி பேனாவுக்கே மாத்தி எழுதிக் குடுத்தாக. பரிபூரணம் மேஜையில கிடந்த பேனாவை எடுத்தா, முந்தானையில துடைச்சா, பைக்குள்ள வச்சுக்கிட்டா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பின்னாலயே வந்தா. நம்ம பக்கம் போற டவுன் பஸ்ஸுல நான் ஏறித் திரும்பிப் பாத்தா, அவ கீழ நிக்கா. மகளைப் பாத்துட்டு வாரேன்னா. சங்கரன்கோவில் பஸ்ஸுல போய் உக்காந்துக்கிட்டா.

இன்னைக்கோட இருபத்தஞ்சு நாள். இதுவும் மருந்து மாத்துனதால வர்ற குணம்தானோன்னு ஒரு சந்தேகம் எனக்கு. அடிக்கடி மாத்துனா மூளைக்குப் போகுமோ என்னவோ. யாரைக் கேக்க?

போன ஞாயித்துக்கிழமை போனேன். மக வாசல்லயே நின்னா, உள்ள வாங்கப்பான்னு மட்டும் சொன்னா. பரிபூரணம் நல்லா இருக்கா. முகம் தெளிஞ்சிருக்கு. எனக்குச் சோறு போட்டா, ரசம் ஊத்துனா, மோர் வேணுமான்னு கேட்டா. ஏழு மணிக்கு என் முன்னாலயே பேனாவை எடுத்துத் தொடையில குத்திக்கிட்டா. நான் சொன்னேன், ஒன்பது வருஷம் நான் போட்டேன், ஒரு நாள் ஒரு குறை சொல்லியிருப்பியா, இப்ப ஒரு தப்பு நடந்துபோச்சுன்னு இங்க வந்து உக்காந்திருக்கியேன்னு. அவ பேனாவை மூடிக்கிட்டே சொன்னா.

"ஒன்பது வருஷம் குத்துனீக. ஒரு நாளாவது வலிக்குதான்னு கேட்டீகளா?"

அவ்வளவுதான். எந்திரிச்சு உள்ள போயிட்டா.

வலிக்குமா? மயிரு மாதிரி ஊசி. வலிச்சா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? நான் வீட்டுக்கு வந்து யோசிச்சேன். ஒருத்தர் புகார் சொன்னா சோதிக்காம விடக் கூடாது. அலமாரியில அவளுக்குப் போட்ட ஊசி ஒண்ணு கிடந்துச்சு. பத்து நாள் போட்டது. ஒரு ஊசியைப் பத்து நாள் வச்சுக்கிடுறதுதான் என் பழக்கம். மருந்து ஏத்தாம, வெறும் ஊசியா, என் வயித்துல குத்திப் பாத்தேன்.

ஒரு தடவையில முடிவு சொல்லக் கூடாது. மறுநாளும் குத்துனேன், காலையில ஏழு, சாயங்காலம் ஏழு. அதே இடம். இன்னையோட ஆறு நாள். மூணாம் நாள்ல இருந்து அந்த நேரம் நெருங்குனாலே வயிறு தானா உள்ள இழுக்குது. நேத்து சாயங்காலம் குத்த முடியலை. கை போகலை. சட்டையைத் தூக்கிக்கிட்டு அப்படியே நின்னேன்.

அந்தா, பஸ் ஸ்டாண்டு வந்துட்டு. மக போன் போட்டா, ஃபிரிட்ஜுல இருக்கற பேனா மருந்தை யாருகிட்டயாவது குடுத்து விடுங்கன்னு. யாரை நம்பிக் குடுக்க? நானே கொண்டு வந்துட்டேன். பழைய குப்பி ஒண்ணும் வச்சிருக்கேன், ஒருவேளை மனசு மாறுனான்னா.

நீங்க ஒண்ணு சொல்லுங்க தம்பி. படிச்சவரு. இந்த ஆறு நாள் விசயத்தை அவகிட்டச் சொல்லலாமா? வலிக்கத்தான் செய்யுதுன்னு நானே என் வாயால சொன்னா, நாளைக்கு அதையே சாட்சியா வச்சு என்னைக் குத்தம் சொல்லிருவாளோன்னு பாக்குறேன்.